ஆரோனியன் – ஆனந்த் ஆட்டம் (2013)

நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே ஊரில் 2013 ஜனவரி 15 அன்று, டாட்டா ஸ்டீல் சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்றில் நடந்த ஆட்டம். ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியனை, கறுப்புக் காய்களுடன் ஆடிய விசுவநாதன் ஆனந்த் 23 நகர்த்தல்களில் தோற்கடித்தார். மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த் அப்போது உலகச் சாம்பியன்.

ஓப்பனிங், அரை ஸ்லாவ் தற்காப்பின் மெரான் கிளை. கறுப்பு தன் டி5 சிப்பாயால் சி4ஐ வெட்டி நடுப்பலகையை விட்டுக்கொடுக்கும். பிறகு பி5 ஆடி வெள்ளை மந்திரியை விரட்டி, தன் மந்திரியை பி7இல் நிறுத்தி, சி5க்காகக் காத்திருக்கும். இத்தாலியின் மெரான் நகரில் 1924இல் அகிபா ரூபின்ஸ்டைன் இதை ஆடி குரூன்ஃபெல்டை வென்றதால் வந்த பெயர். ஆனந்துக்கும் இது பழகிய களம்தான்: 2008இல் பான் நகரில் கிராம்னிக்கை வீழ்த்திய உலகப் பட்டப் போட்டியின் மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களை இதே கிளையில் கறுப்பாக வென்றார். இந்த முறை கையில் இருந்ததோ, 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிராக நடந்த உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்து, பயன்படாமலே கிடந்த சரக்கு.

12ஆவது நகர்த்தலில் ஆரோனியன் குதிரையை ஜி5க்கு அனுப்பினார். எச்7 சிப்பாயைக் காப்பாற்ற முயலாமல் ஆனந்த் சி5 தள்ளினார். குதிரை எச்7ஐத் தின்றது. கறுப்புக் குதிரை ஜி4க்குப் பாய்ந்தது. அடுத்து மந்திரி சி5இல் வெட்டுக்கு நின்றது. 16ஆவது நகர்த்தலாக இன்னொரு குதிரையும் இ5இல் வெட்டுக்கு வந்தது. அதை எஃப்4 சிப்பாய் வெட்டினால் ராணி டி4இல் செக், பின் ஜி1இல் ராணியையே பலிகொடுத்து, எஃப்2 குதிரையால் மேட். ஆரோனியன் அந்த வலையில் விழவில்லை. ஜி4 குதிரையை வெட்டினார், பிறகு எச்7 குதிரையால் எஃப்8 யானையையும் பிடித்தார். அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டாமல் ஆனந்த் ஆடிய 19... எஃப்5தான் ஆட்டத்தின் உச்சம். செக் இல்லை, வெட்டு இல்லை. வெள்ளை ராணி எச்7க்கு வரும் குறுக்குவழி மட்டும் அடைபட்டது.

கடைசி நகர்த்தல், மந்திரி இ3. டி3இல் நின்ற வெள்ளை ராணிக்கும் எச்3 சிப்பாய்க்கும் நடுவே அது புகுந்ததும் எச்3இல் கறுப்பு ராணி வெட்டுவதைத் தடுக்க ஆளில்லை. பி7 மந்திரியின் பார்வையில் ஜி2 சிப்பாய் கட்டுண்டிருந்தது. சிறு காய்க்கு மாற்றாக ஒரு யானை கூடுதலாக இருந்தும் ஆரோனியன் சரணடைந்தார். இந்த ஆட்டத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, 1907இல் லோட்ஸ் நகரில் ராட்லெவியை வென்ற ஆட்டம். அதை ஆடியவரும் ரூபின்ஸ்டைன்தான்.