பூம்பாவைப் பதிகமும் பங்குனிப் பவனியும்

பெருங்குடி அன்பர்கள் திருவான்மியூர் மருந்தீசரை வணங்கி வடக்கே சென்றால் திருமயிலையை அடைவர். அங்கே பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி. பிற்பகலில் அறுபத்து மூவர் பவனி. இவ்விரண்டிற்கும் உரிய இரு பாடல்கள் கேட்போர் உள்ளத்தை எங்ஙனம் நடத்திச் செல்கின்றன என்பதை ஈண்டு சிந்திப்போம்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலைக்கு எழுந்தருளியபோது, அரவு தீண்டி மாண்ட மகளின் எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார் சிவநேசர். பெருமான் சீகாமரப் பண்ணில் பதிகம் பாடியருளினார். அதில் இறப்பைப் பற்றிய புலம்பல் இல்லை. உயிரைத் தருக என்னும் மன்றாட்டும் இல்லை. இவ்விழாக்களைக் காணாமலா செல்கின்றாய் என்று அப்பெண்ணையே வினவுகின்றார். முதற்பாட்டில் அடியார்க்கு அமுது படைக்கும் காட்சி. அடியார் பணியே வாழ்வாகக் கொண்ட இல்லத்தில் வளர்ந்தவளுக்கு அதைவிட நெருங்கிய காட்சி வேறு யாது? பின்னர் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டே அவள்முன் சுழல்கின்றது. பாட்டுதோறும் வரும் வினா ஒன்றே. ஆயினும் தொடக்கத்தில் இரக்கமாய் ஒலிப்பது போகப்போக ஆசை காட்டுவதாகி, முடிவில் அழைப்பாகவே மாறிவிடுகின்றது. பதிகம் வளர, குடத்துள் உருவம் வளர்ந்து, பன்னிரண்டு ஆண்டுப் பருவத்தளாய்ப் பூம்பாவை வெளிப்பட்டாள் என்பார் சேக்கிழார்.

பெருமான் பாடிய கோயில் கடற்கரையில் இருந்தது என்பர் வரலாற்றறிஞர். போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிய, இன்றுள்ள கோயில் பின்னர் எழுந்தது. கல் இடம் மாறியது; பங்குனி விழா நின்றுவிடவில்லை.

அப்புதிய கோயிலின் மாடவீதிகளில் மார்கழி தோறும் பசனை பாடி வலம் வந்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). தஞ்சைத் தரணியின் போலகத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்து, மயிலையில் நிலைத்தவர். ‘அசோக் குமார்’ (1941), ‘சிவகவி’ (1943) முதலிய திரைப்படங்களுக்கும் பாட்டெழுதினார். அதனைக் குறையாகச் சொல்வாரும் உளர். சபை வாயிலை மிதியாதவர் நாவிலும் நல்ல இராகங்களை ஏற்றி வைத்தவை அப்பாடல்களே என்று நாம் கருதுகிறோம்.

‘காணக் கண் கோடி வேண்டும்’ என்னும் அவரது காம்போதிக் கீர்த்தனை கபாலியின் பவனியைப் பாடுவது. பெருமான் காணாது போகும் கண்ணை அழைத்தார். சிவனோ கண்ட கண் போதவில்லையே என்று ஏங்குகிறார். நாகசுரக்காரர் வீதியில் விரித்து வாசிக்கும் இராகம் காம்போதி. தேரோடும் வீதியைப் போல் அகன்று கிடப்பது. அவசரத்திற்கு இடம் தராதது. பல்லவியில் எழுந்த ஏக்கம் அனுபல்லவியில் அணியும் மாலையுமாக விரிந்து, சரணத்தில் அடியார் கூட்டத்தோடு கலக்கின்றது. வித்துவான்கள் சிலர் சுர வரிசைகளில் காட்டும் ஊக்கத்தைச் சரணத்தின் சொற்களில் காட்டுவதில்லை. அறுபத்து மூவர் வருமுன்னே ஊர்வலத்தைக் கலைப்பதற்கு ஒப்பாகும் அது.

எட்டாம் நாள் செல்லும் அன்பர்கள் காலையிலேயே சென்று குளக்கரையில் நிற்பார்களாக. அங்கே ஓதுவார் பதிகத்தைத் தொடங்கும்போது குடம் இன்னும் மூடியே இருக்கும்.