தங்கம் தேடும் உலோக உணரி

தங்கம் தேடும் உலோக உணரி என்பது மண்ணில் புதைந்துள்ள தங்கக் கட்டிகளை மின்காந்தத் தூண்டல் மூலம் கண்டறிய உதவும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது மெட்டல் டிடெக்டர் எனப்படுகிறது.

வரலாறு
1881 இல் ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார், முயற்சி பலனளிக்கவில்லை. 1980 இல் ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உலோக உணரி கொண்டு கண்டெடுக்கப்பட்ட "ஏண்ட் ஒஃப் ஃபெயித்" என்னும் தங்கக் கட்டியின் எடை சுமார் 27 கிலோகிராம் ஆகும்.

செயற்படும் முறை
கருவியின் கம்பிச் சுருள் மாறும் காந்தப் புலத்தை உருவாக்குகிறது. இப்புலம் உலோகத்தில் சுழிப்பு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டம் உண்டாக்கும் இரண்டாம் காந்தப் புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது.

தெரிவு செய்தல்
* அதிர்வெண்: மிகத் தாழ் அதிர்வெண் வகைக் கருவிகளில் உயர்ந்த அதிர்வெண் (சுமார் 18 முதல் 71 கிலோஏர்ட்சு வரை) சிறு தங்கத் துணுக்குகளுக்கு ஏற்றது.
* மண்ணின் தன்மை: இரும்புத் தாது மிகுந்த செம்மண் பொய்யான ஒலியைத் தரும். அங்கு துடிப்புத் தூண்டல் வகை சிறந்தது. நிலச் சமனாக்க வசதியும் தேவை.
* சுருளின் அளவு: சிறிய சுருள் சிறு துணுக்கை உணரும், பெரிய சுருள் பெரிய கட்டியை ஆழத்தில் உணரும்.
* பிரித்தறிதல்: சிறு தங்கமும் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே குறிப்பைத் தருவதால், குப்பையை விலக்கும் வசதி தங்கத்தையும் விலக்கிவிடக்கூடும்.

பாறையினுள் நுண்துகளாகக் கலந்துள்ள தங்கத்தை இக்கருவிகளால் உணர இயலாது. 2001 இல் மூடப்பட்ட கோலார் தங்க வயலில் தாதுப் பாறையை அரைத்தே தங்கம் பிரிக்கப்பட்டது. பல மீட்டர் தொலைவிலிருந்து தங்கத்தை மட்டும் காட்டும் என்று விற்கப்படும் "திசைகாட்டி" வகைக் கருவிகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

புதுச்சேரிப் பகுதியில்
வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நிலம் பெரும்பாலும் படிவுப் பாறைகளாலும், சங்கராபரணி, தென்பெண்ணை ஆறுகளின் வண்டலாலும் ஆனது. கோலார், அட்டி ஆகிய இடங்களில் தங்கத்தைத் தாங்கும் தொன்மையான பாறைகள் இங்கு மேற்பரப்பில் இல்லை. எனவே இங்கு உலோக உணரிக்கு அகப்படுபவை பெரும்பாலும் ஆணி, மூடி, நாணயம் போன்ற மனிதர் விட்டுச் சென்ற பொருட்களே. தமிழ்நாட்டில் தங்க வேட்டை நடந்த இடம் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதியாகும். 1880 ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் பல நிறுவனங்கள் இதற்கெனத் தொடங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் வீழ்ந்தன.

வில்லியனூருக்குக் கிழக்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உரோமானிய வணிகத் தொடர்பு அங்கு அறியப்பட்டது பொருட்களால் மட்டுமன்று, அவை கிடைத்த மண்ணடுக்குகளாலும் ஆகும். ஒலி கேட்ட இடத்தில் குழி தோண்டினால் அவ்வடுக்குகள் கலைந்து, எடுத்த பொருளின் காலத்தை அறிய இயலாமற் போகும்.

சட்டம்
சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம், 1957 இன்படி உரிமமின்றிக் கனிமம் தேடுதல் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி அகழ்வதை 1958 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியப் புதையற் சட்டம், 1878 இன்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க
* மின்காந்தத் தூண்டல்
* அரிக்கமேடு
* கோலார் தங்க வயல்