கனடா குளிரில் பேரப்பிள்ளைகள்: உதவிக்குச் செல்லும் தாத்தா பாட்டிகளின் கவனத்திற்கு

மகளுக்குப் பிரசவம், மருமகள் வேலைக்குத் திரும்புகிறார் என்று நம் நாட்டிலிருந்து கனடாவுக்கு விமானம் ஏறும் தாத்தா பாட்டிகள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் டொரோண்டோவில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் நாள்களும் உண்டு. கேமரன் மலைக்கே ஸ்வெட்டர் தேடியவர்கள் அங்கே போனதும் குழந்தையை மூட்டை போலச் சுற்றிவிடுகிறார்கள். கவனம் தேவைப்படுவது இங்கேதான். குளிருக்குப் பயந்து நாம் செய்யும் சில காரியங்களே குழந்தைக்கு ஆபத்தாகின்றன.

முதலில் காரை எடுத்துக்கொள்வோம். தடித்த பனிக்கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பது போல்தான் தெரியும். விபத்து நேர்ந்தால் கோட்டின் பஞ்சு நசுங்கி வார் தளர்ந்துவிடும். குழந்தை அதிலிருந்து வெளியே தூக்கி எறியப்படலாம். கோட்டைக் கழற்றி, வாரைப் பூட்டிய பிறகு அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள். காரை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதென்றால் கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

அடுத்தது தூக்கம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தொட்டிலில் தலையணை, தளர்வான போர்வை எதுவும் வேண்டாம். முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும். கையில்லாத பை போன்ற தூக்க உடை கடைகளில் கிடைக்கிறது, அது போதும். வீட்டுக்குள் குல்லாவும் தேவையில்லை. கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஓர் உடையைக் கழற்ற வேண்டும்.

சளி பிடித்தால் நம் கை தானாகவே கற்பூரத்தைத் தேடும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதைக் கைக்குழந்தைக்குச் செய்ய வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் சேரும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். விக்ஸ் 2 வயதுக்குக் கீழ் கூடாது. ஒரு வயது நிறையும் வரை துளசிச் சாற்றிலும் தேன் கலக்கக் கூடாது. சன்னல் அடைத்த வீட்டில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அந்துருண்டை போட்டு வைத்த பழைய கம்பளித் துணிகளைப் பேரனுக்கென்று எடுத்துப் போகாதீர்கள். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் இரத்த அணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். இது பரம்பரையாக வருவது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடனேயே இதற்குப் பரிசோதிப்பது பலருக்கு நினைவிருக்கும்.

வெளியே போகும்போது ஒரே தடித்த உடையைவிட மெல்லிய உடைகள் பல அடுக்காக இருப்பது நல்லது. நாம் அணிவதைவிடக் குழந்தைக்கு ஓர் அடுக்கு கூடுதல் என்பது எளிய கணக்கு. உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரும். இறுகிய காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். நீண்ட கழுத்துத் துணி விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை நெரிக்கலாம்.

வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் அளவைப் பாருங்கள். அது மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். அன்று பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே விளையாடட்டும். பனிக்காலத்தில் காலை வெயிலில் காட்டுவதும் அங்கே பலன் தராது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தருவது அந்நாட்டு வழக்கம்.

காது, மூக்கு, கன்னம், விரல் நுனி வெளுத்து மரத்துப் போனால் தேய்க்காதீர்கள், பனிக்கட்டியையும் வைக்காதீர்கள். உள்ளே அழைத்து வந்து, ஈர உடையைக் களைந்து, வெதுவெதுப்பான நீரில் விரல்களை வையுங்கள். சூடு தாங்குமா என்பதை உங்கள் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. நிறம் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல், உடல் சில்லிட்டுக் கிடந்தால் 911ஐ அழையுங்கள்.