செருப்பைச் சோதித்த பணிப்பெண்

1838இல் பாரிசில் வெளியான மருத்துவ நூல் ஒன்றில் 34 வயதுப் பெண்ணொருவரின் கதை இருக்கிறது. எழுதியவர் மனநல மருத்துவர் எஸ்கிரோல். அந்தப் பெண்ணுக்கு நூலில் பெயர் இல்லை, 'செல்வி எஃப்.' என்ற ஓரெழுத்து மட்டும்தான்.

18 வயதில் ஒருநாள் அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது, அங்குள்ள பொருள் எதையாவது தன்னையறியாமல் பைக்குள் போட்டு எடுத்துவந்துவிடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்தது. பிறகு வணிகக் கணக்கு எழுதும்போது, தப்பாய்க் கூட்டிப் பிறருக்கு நட்டம் வைத்துவிடுவோமோ என்ற பயம். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் பத்து நிமிடம் பாதங்களைத் தேய்ப்பார். செருப்பைத் திருப்பித் திருப்பி உதறிப் பணிப்பெண்ணிடம் நீட்டுவார். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, மதிப்புள்ள எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்.

எனக்கு ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர் சொன்ன சில வாரங்களில் இதைப் படித்தேன். கட்டி முடித்த விடைத்தாள் கட்டை அவிழ்த்து மதிப்பெண்ணை ஐந்தாம் முறை கூட்டுகிறவள் நான். ஒரு மாணவியின் வாழ்க்கை என் கூட்டல் பிழையால் கெட்டுவிடுமோ என்ற பதற்றம். கல்லூரியில் இதற்குப் பெயர் 'பொறுப்பு'. வீட்டில், அடுப்பை நாலு முறை பார்ப்பதற்குப் பெயர் 'கவனம்'. கை வெடிக்கக் கழுவுவதற்குப் பெயர் 'சுத்தம்'. நாற்பது வயது தாண்டும்வரை நோய் என்று ஒருவரும் சொல்லாததற்கு இந்தப் பாராட்டுகளும் காரணம். இந்த நோய் ஆண்களுக்கும் வருகிறது. ஆனால் நல்ல பெண்ணுக்கு அடையாளமாக நாம் வைத்திருக்கும் குணங்களுக்குள் அது எளிதாக மறைந்துகொள்கிறது.

செல்வி எஃப். தன் பயம் அபத்தம் என்று அறிந்திருந்தார். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார், சில வேளை அழுதார். அறிவு தெளிவாயிருந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை என்பதுதான் மருத்துவர்களைத் திணறவைத்தது. எஸ்கிரோல் இதை ஒருவகைப் பித்து என்றார். 1875இல் லெக்ராந்து துய் சோல் 'ஐயப் பைத்தியம்' என்று நூல் எழுதினார். 1877இல் பெர்லினில் வெஸ்ட்பால், அறிவு பழுதாகாமலே ஒருவரின் விருப்பத்துக்கு எதிராக வந்து நெருக்கும் எண்ணங்கள் இவை என்று வரையறுத்தார். எனக்கு ஆறுதல் தந்தது இந்த வரையறைதான். 'படித்தவள், இதுகூடத் தெரியாதா?' என்று கேட்பவர்களுக்கு 1877லேயே பதில் இருந்திருக்கிறது. தெரியும். தெரிவதால் நிற்பதில்லை.

எதனால் நிற்கும் என்பதற்கு வழி பிறக்க இன்னும் தொண்ணூறு ஆண்டு ஆனது. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். அஞ்சுவதை அவர்கள் நேரில் சந்திக்க வேண்டும். பிறகு வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். பயம் ஏறும், நிற்கும், தானாக இறங்கும். இன்று இதே முறையை நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாகச் செய்கிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் சேர்கிறது.

மேயரைப் படித்த பிறகுதான் அந்தப் பணிப்பெண் என் கண்ணுக்குத் தெரிந்தாள். அவளுக்கு ஓரெழுத்துகூட இல்லை. அன்றாடம் செருப்பைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாள். அந்தச் சொல் அன்றைய பயத்தைத் தணித்தது. மறுநாள் பயத்துக்கும் தீனியானது. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் கணவரும் மகளும் செய்துவந்தார்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்று மகள் எத்தனை இரவு சொல்லியிருப்பாள்! அன்பு என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

இப்போது நான் கேட்டால் அவள், "நீ கேக்குறது அந்தப் பயம்மா, நான் பதில் சொல்லமாட்டேன். பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்கிறாள். முதல் வாரம் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சென்ற பருவத் தேர்வில் ஒரு கட்டை இரண்டே முறை கூட்டி ஒப்படைத்தேன். அன்றிரவு தூக்கமில்லை. அடுத்த கட்டுக்குத் தூங்கினேன்.