விண்மீனுக்குக் காவல் இருந்தவர்கள்

இரவு வானை ஒளிப்படம் எடுப்போரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: கருவி மணிக்கணக்கில் திறந்து கிடக்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? இன்று இதற்கு விடை எளிது. தேநீர் அருந்தலாம், பாட்டுக் கேட்கலாம், போர்த்திக்கொண்டு உறங்கவும் செய்யலாம். ஆயின் 1880 முதல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இக்கேள்விக்கு 'ஒன்றும் செய்ய இயலாது' என்பதே விடையாக இருந்தது. அந்த நூறாண்டைப் பற்றியே நாம் இங்கே பேச விழைகிறோம்.

1850 ஜூலையில் ஹார்வர்டு ஆய்வகத்தில் வேகா விண்மீனை முதன்முதலாகப் படம்பிடித்தபோது பிடித்த நேரம் நூறு விநாடி அளவே. பின்னர் வந்த ஈரத் தகடுகளோ சில நிமிடங்களில் காய்ந்து பயனற்றுப் போயின. எனவே நெடிய காத்திருப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1871இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். அத்தகடு காயாது. எவ்வளவு நேரம் வேண்டுமாயினும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வானியலாளரின் தூக்கம் தொலைந்தது அதனால்தான் எனலாம். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடத்தில் பதித்தார். 1888 டிசம்பர் 29 அன்று ஐசக் ராபர்ட்ஸ் ஆண்ட்ரோமீடாவுக்கு நான்கு மணி நேரம் கொடுத்தார். நம் கணக்கில் சரியாகப் பத்து நாழிகை.

தகட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகலாகாதா எனில், போகலாகாது. புவி சுழல்கிறது. தொலைநோக்கியை வானோடு சேர்த்துத் திருப்ப எடைக்கற்களால் இயங்கும் கடிகாரப் பொறி உண்டு. எனினும் அதன் பற்சக்கரங்கள் பிழையற்றவை அல்ல. அடிவானை நோக்கி இறங்கும் விண்மீனின் ஒளியைக் காற்று வேறு வளைத்துவிடும். ஆகவே துணைத் தொலைநோக்கியில் ஒரு விண்மீனைத் தேர்ந்து, குறுக்கிழைகள் வெட்டும் புள்ளியில் அதை நிறுத்தி, அது மயிரிழை நகர்ந்தாலும் திருகைத் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில். விளக்கேற்றினால் கண்ணின் இருட்பழக்கம் கெடும். தீ மூட்டினால் வெங்காற்று எழுந்து படிமத்தை நடுங்கச் செய்யும். பனிக்காலத்தில் வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் கூரை திறந்த கூடத்துக்குள்ளும். முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்லும் காவலர் நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்களாவது அவ்வப்போது வாய்திறந்து பேசினர்.

இவ்வேலைக்கென்றே பிறந்தவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் (1857–1923). அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கொடிய வறுமையில் வளர்ந்தவர். தந்தையைக் கண்டதில்லை, பள்ளிப்படிப்பு இரண்டு மாதமே. ஒன்பது வயது நிரம்புமுன் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்கு அனுப்பப்பட்டார். படங்களைக் கதிரொளியால் பெரிதாக்கும் பெருங்கருவி ஒன்று அந்நிலையத்தின் கூரைமேல் இருந்தது. சூரியன் நகர நகர அக்கருவியையும் கையாலேயே திருப்பிக்கொண்டிருப்பதுதான் சிறுவனின் பணி. அவனுக்கு முன் அவ்வேலைக்கு வந்த பிள்ளைகள் வெயிலில் தூங்கிவிட்டனராம், இவன் தூங்கவில்லை. பகலில் சூரியனைப் பின்தொடர்ந்த அதே கைகள் பிற்காலத்தில் லிக், யெர்க்ஸ் ஆய்வகங்களில் இரவெல்லாம் விண்மீன்களைப் பின்தொடர்ந்தன.

பால்வெளியின் படங்களில் தென்பட்ட கரிய திட்டுகள் பார்னார்டை நெடுநாள் அலைக்கழித்தன. அவை விண்மீன்களே இல்லாத வெற்றிடங்களா, அன்றிப் பின்னுள்ள ஒளியை மறைக்கும் பொருள்களா? வெற்றிடங்கள் என்றே அவர் முதலில் எண்ணினார். 1913 கோடையில் நிலவற்ற ஓரிரவு, யெர்க்ஸ் ஆய்வகத்தின் புரூஸ் தொலைநோக்கியால் தென்வானப் பால்வெளியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, தனுசு மண்டலத்தின் ஒளிமிக்க பகுதியின்மீது சின்னஞ்சிறு மேகங்கள் சில மிதந்துசென்றன. சில நிலவின் அளவைவிடப் பெரியவை அல்ல. ஒளிப்பின்னணியில் அவை மைத்துளிகள்போலக் கரேலென்று தெரிந்தன. வானத்தின் கருந்திட்டுகளும் இவ்வாறே எதனாலோ மறைக்கப்பட்டவை என்ற எண்ணத்தை அவரால் தவிர்க்க முடியவில்லை. 182 கருந்திட்டுகளின் பட்டியலோடு 1919இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்நிகழ்ச்சியைத் தாமே பதிவு செய்திருக்கிறார். மேகத்தை வேண்டாத விருந்தாளியாகவே கருதுவது வானியலாளர் இயல்பு. வேறொருவர் சலித்துக்கொண்டு தகட்டை மூடியிருப்பார்.

அவருடைய பால்வெளிப் படத்தொகுதி அவர் மறைந்து நான்காண்டு கழித்து 1927இல் வெளிவந்தது. அதில் அச்சுப்படிகளுக்குப் பதிலாக உண்மையான புகைப்படங்களையே ஒட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 700 பிரதிகளுக்கான 35,700 படங்களையும் ஒவ்வொன்றாகத் தாமே பார்த்துத் தேர்ந்தார்.

பார்னார்டுக்குப் புகழ் கிடைத்தது. எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. மில்டன் ஹ்யூமசன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். கலிபோர்னியாவின் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிச் சென்றவர். அங்கேயே துப்புரவுப் பணியாளராகி, இரவு உதவியாளராகி, 1919இல் ஆய்வாளர் நிரையில் இடம்பெற்றவர். என்ஜிசி 7619 என்னும் மங்கிய விண்மீன்திரளின் நிறமாலைக்காக நூறு அங்குலத் தொலைநோக்கியில் அவர் இரு தகடுகளைப் பதித்தார். ஒன்றுக்கு 33 மணி நேரம். மற்றதற்கு 45 மணி நேரம். ஓரிரவில் எட்டு மணி நேரம் கிடைத்தாலும் இரண்டாவது தகட்டுக்கு மட்டும் ஆறு இரவுகள்! விடியலில் மூடுவார், மறுநாள் இருண்டதும் அதே விண்மீன்திரளைத் தேடிப்பிடித்து மீண்டும் திறப்பார். அத்திரள் விநாடிக்கு 3,779 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது என்று தகடு சொன்னது. 1929இல் ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் ஹ்யூமசன் கட்டுரையும் ஹபிள் கட்டுரையும் வெளிவந்தன. விதிக்கு ஹபிளின் பெயர் வழங்கலாயிற்று. 2018இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதனோடு லெமேத்ர் பெயரையும் சேர்த்தது, முறையே. எனினும், குளிரில் அமர்ந்து திருகைத் திருப்பியவருக்கு அப்பெயரில் இன்றளவும் ஓர் ஓரம்கூட இல்லை என்பது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காத்திருக்கவே விடப்படாதோரும் இருந்தனர். 1950களில் வில்சன் மலையில் மார்கரெட் பர்பிட்ஜ் தம் கணவரின் உதவியாளர் என்ற பெயரில்தான் இரவுப்பணி செய்ய வேண்டியிருந்தது. பாலோமர் மலையில் பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லை என்று காரணம் சொன்னார்கள். முறையான அனுமதியுடன் 1965இல் அங்கு நோக்கிய முதற்பெண் வேரா ரூபின். அம்மலையின் இருநூறு அங்குலத் தொலைநோக்கியிலோ நோக்குபவர் குழாயின் உள்ளேயே ஒரு கூண்டில் அமர்ந்திருந்தார். குளிருக்கு, போர் விமானிகள் அணிந்த மின்வெப்ப உடை.

காத்திருந்தவர் பெயரே முன்னின்ற அரிய நிகழ்ச்சி ஒன்று நமக்கு நெருக்கமானது. 1949 ஜூலை 2 அன்று, ஹார்வர்டில் மாணவராயிருந்த வைணு பாப்பு தாம் பதித்த தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர்பெற்றது; போக் அவருடைய பேராசிரியர். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவர் இந்த பாப்புவே.

1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மின்னணு ஒளியுணரி 1980களில் தகடுகளை ஒதுக்கியது. திருகைத் திருப்பும் வேலையைக் கணினி ஏற்றது. இன்று ஆர்வலர்கள்கூடச் சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துப் பின்னர் ஒன்றாக அடுக்குகின்றனர். மேகம் வந்தால் அந்த ஒரு படத்தை எறிந்துவிடலாம். பார்னார்டுக்கு அந்தச் சலுகை இல்லை. முழு இரவும் போய்விடும்.

அப்படிக் கிடைத்த ஓய்வைக் கைப்பேசித் திரையில் கழிப்பவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. அதை அரைமணி நேரம் அணைத்து வைத்தால் கண் இருளுக்குப் பழகிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனுசு மண்டலம் நம் தென்வானில் நன்கு உயர்ந்து நிற்கும். யெர்க்ஸில் அது அடிவானத்திலிருந்து இருபது பாகை அளவே எழும். இருண்ட ஊரில், சிறு தொலைநோக்கியை அங்கே திருப்பி என்ஜிசி 6520 என்னும் விண்மீன் கொத்தைத் தேடுங்கள். அதனருகே மை சிந்தியதுபோல ஒரு திட்டுத் தெரியும். பார்னார்டின் பட்டியலில் அதற்கு எண் 86.