அண்டிரிக் அடிகளார் எண்ணிய எண்ணங்கள்

புத்தாண்டு பிறந்ததும் நாட்குறிப்பின் முதல் தாளில் 'செய்ய வேண்டியவை' என்று எழுதி வைப்போர் நம்மிடையே பலர். வாழ்நாள் முழுமைக்கும் அவ்வாறு எழுதியோரும் உண்டு. ஜான் கோடார்ட் என்ற அமெரிக்கச் சிறுவர் 1940-இல், தமது பதினைந்தாம் வயதில், வாழ்வில் முடிக்க வேண்டிய 127 செயல்களைப் பட்டியலிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடித்தும் காட்டினார். ஏற வேண்டிய மலைகள், கடக்க வேண்டிய ஆறுகள், காண வேண்டிய நாடுகள் எனப் பெரும்பாலும் தாம் துய்க்க விரும்பியவையே அதில் இருந்தன.

அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், நம் முத்துக்குளித்துறையில் வேறு வகைப்பட்ட பட்டியல் ஒன்றைச் சுமந்து வாழ்ந்தவர் என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார். தமிழில் அண்டிரிக் அடிகளார் என வழங்கப் பெறுபவர். ஆறுமுகநேரியின் உப்பளங்களைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் வரும். அவ்வூரே அவரது உழைப்பின் களம். தம் விருப்பங்களை அவர் ஒரே தாளில் வரிசையாக எழுதி வைத்தாரல்லர். மேலாளர்களுக்கு விடுத்த மடல்களில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சென்றவற்றை நாம்தாம் கோத்துப் பார்க்க வேண்டும்.

1520-இல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் பிறந்தவர் அவர். யூதக் குருதி வழி வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க இயலாமற் போயிற்று. 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டே இந்தியா வந்தார். கடற்கரைக்கு வந்த நாளில் அவர் முன் நின்ற முதற் தடை மொழி. உரைபெயர்ப்பாளர் வாயிலாகத்தான் மறையுரை, அவர் துணையோடுதான் பாவசங்கீர்த்தனம்! தன் மனத்தைத் திறக்க வருபவனுக்கு இது எத்தகைய சங்கடம்! எனவே அவர் முதலில் எண்ணியது, இடையாள் இன்றித் தமிழில் பேச வேண்டும் என்பதே. 1548-இல் வேம்பாரிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், அந்த முயற்சி கைகூடி வருவதையும், தாம் இலக்கணம் ஒன்றை ஆக்கி வருவதையும் தெரிவிக்கிறார்.

அடுத்து அவர் செய்தது துணிச்சலானது. உடன் உழைத்த துறவிகள் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டம் என்று விதி வகுத்தார். தமிழ் பேசும் பிள்ளைகளுக்குத் தண்டம் விதிக்கும் பள்ளிகளை அறிந்த நமக்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்யும்.

மருத்துவமனை வேண்டும் என்று எண்ணினார். புன்னைக்காயலில் அது எழுந்தது. மக்கள் கையில் தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று எண்ணினார். அதற்குத்தான் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல் உரோமன் எழுத்தில் இருந்தது. 1560-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டு, பரதவர் பலர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். இத்தகைய அலைச்சலுக்கிடையே அச்சுக்கூடத்தை யார் நினைப்பார்? 1575-இல் கோவாவை அடுத்த சோராவோவில் கூடிய இயேசு சபை ஆலோசனைக் கூட்டத்துக்குப் பின்னரே நூற்பணிக்கு வழி பிறந்தது. அடிகளாருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

அதன்பின் கைகள் பல சேர்ந்தன. கோவாவில் யுவான் கொன்சால்வஸ் தமிழ் எழுத்துகளை வார்த்தார். கொல்லத்தில் யுவான் தெ பாரியா அவற்றைத் திருத்தமாக வார்த்தார். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியரான பேரோ லூயிஸ் மொழிக்குத் துணை நின்றார். முத்துக்குளித்துறைப் பரதவர் பொருள் ஈந்தனர். கடலில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டிய பொருள் ஏட்டுக்குச் சென்றது எனலாம். 1578-இல் பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது. 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', மறு ஆண்டு பாவசங்கீர்த்தன நூல், 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. கடைசி நூல் தம் மண்ணிலேயே அச்சாயிற்று என்பது புன்னைக்காயலாரின் பெருமிதம். வேம்பார் மடலுக்கும் அந்நூலுக்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள்! பட்டியல் எழுதியவுடன் பலன் தேடும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்காது.

எல்லாம் நிறைவேறவில்லை. மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென உயர்கல்விக் கூடம் ஒன்று அமைய வேண்டும் என்ற அவரது கனவு அவர் எண்ணிய அளவில் உருப்பெறவில்லை. என் கருத்தில், அவருடைய எண்ணங்களுள் தலையாயது இதுவே. நூல்கள் அவரோடு முடிந்துவிடக் கூடும். கல்விக்கூடம் அவருக்குப் பின்னும் நூல்களைத் தந்திருக்கும். 1600-இல் அடிகளார் புன்னைக்காயலில் காலமானபோது, சுற்றுவட்டார இந்துக்களும் இஸ்லாமியரும் நோன்பிருந்து துக்கம் காத்ததாக அக்கால மடல்கள் கூறுகின்றன.

நூல்களும் எளிதில் நமக்குக் கிட்டவில்லை. 'தம்பிரான் வணக்கம்' இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' நூலை வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு சே. இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் மறுபதிப்பித்தார். இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில் உறங்கிக் கிடந்தது. ஜீன் ஹைன், வி.எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல்தான் வெளிவந்தது. அவர் தொகுத்த சொற்களஞ்சியம் மட்டும் கிடைக்கவில்லை. தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்று அச்சேற, புரோயன்சா அடிகளாரின் நூல் 1679-இல் அம்பலக்காட்டில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.