விசாரிக்கப்படாத துக்கம்: பெருந்தொற்றுக்கால இழப்பும் காலக்கணக்கும்

தமிழில் துக்கத்தை 'விசாரிக்கிறோம்'. தென்மாவட்டங்களில் 'துட்டி கேட்பது' என்பார்கள். என்ன நோய், எத்தனை நாள் கிடந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்பார்கள். வீட்டாரும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லித்தான் சாவு மனத்தில் உறுதிப்படுகிறது. பெருந்தொற்றுக்கால துக்கம் பல வீடுகளில் ஆறாமல் நிற்பதற்கு இந்த விசாரிப்பு அறுபட்டதே முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, உடலைக் குளிப்பாட்டவும் தழுவவும் தடை விதித்தது. ஆனால் ஊழியர் உடல் வைத்த பையின் ஜிப்பைத் திறந்து முகத்தைக் காட்டலாம். தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம். சாம்பலையும் திரட்டலாம் என்றது. பின்னர் இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு வந்தது. ஏட்டளவில் சடங்குக்கு இடமிருந்தது. நடைமுறையில் கோடி போடுதலும் வாய்க்கரிசியும் பலருக்குக் கிட்டவில்லை. மகன் ஒரு வார்டிலும் தாய் இன்னொரு வார்டிலும் கிடக்க, தகப்பனின் உடல் சுடுகாட்டுக்குப் போயிற்று. திரும்பி வந்தால், வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர். அந்த வாசலைத் தாண்டித் துக்கம் கேட்க யாரும் வரவில்லை.

உடலைக் காணாத இழப்பு முடிவுக்கு வராமல் தொங்கி நிற்பதைக் குடும்ப உறவு ஆய்வாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்றார். சமூகம் ஏற்காத துக்கத்தைத் துயர ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்றார். பெருந்தொற்றில் இரண்டும் ஒரே வீட்டில் கூடின. எண்ணிக்கையும் இதில் சேரும். 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவின் அதிகாரபூர்வ கொரோனா மரணக் கணக்கு சுமார் 4.8 லட்சம், அதே காலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட மிகை மரணங்கள் சுமார் 47 லட்சம். மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எது சரியாயினும், ஏட்டில் ஏறாத மரணத்தின் வீட்டார் தங்கள் துக்கத்துக்கே சான்று தேடி அலைய வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் நோய் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும். நீடித்த துயரக் கோளாறு என்று கணிக்க உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநலக் கையேட்டின் 2022 திருத்தப் பதிப்பு, வயது வந்தோருக்கு 12 மாதம் என்கிறது. துயரம் அவரவர் பண்பாட்டு வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன. நல்ல நிபந்தனைதான். ஆனால் பதினாறாம் நாள் காரியமே நடக்காத வீட்டில் எந்த வழக்கத்தை வைத்து அளப்பது? அளவுகோலே முறிந்திருக்கையில் நாள்களை மட்டும் எண்ணுவது போதாது.

சடங்கு குற்றமற்றதல்ல என்ற மறுப்பு நியாயமானது. கணவனை இழந்தவளின் வளையலை ஊர் கூடி உடைத்ததும் சடங்குதான். அது நடக்காமல் போனதில் நிம்மதி அடைந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே மீட்க வேண்டியது சடங்கை அன்று, அதற்குள் இருந்த கேள்வியை. கேள்வி மட்டும் போதாத இடங்களும் உண்டு. இலங்கையில் 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. அங்கே விசாரிக்க வேண்டிய முதல் ஆள் அரசு.

ஆகவே மருத்துவரும் ஆலோசகரும் 'எத்தனை மாதமாயிற்று?' என்பதற்கு முன், 'முகம் பார்த்தீர்களா? யார் வந்து கேட்டார்கள்?' என்று தொடங்க வேண்டும். உறவினருக்கும் இது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து ஆண்டு கழித்து வருகிறவரும் நம்மூரில் முதலில் இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்கிறார். தாமதமாக வந்தார் என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் போகாத வீடுகளுக்கு இப்போதாவது போக வேண்டும்.